மணித்தூணில் இல்லாத டப்பா

“ரெண்டு பேர் பிளாட்பாரத்துல பழைய மணி தொங்குற தூணைத் தடவிட்டு நிக்கிறாங்கடி,” என்றார் அத்தை போனில்.

“என்ன தேடுறீங்கன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். சும்மா பார்க்கிறோம்ங்கிறான். துருப்பிடிச்ச இரும்பை இப்படிக் கொஞ்சுற ஆளை நான் பார்த்ததே இல்ல.”

விளக்கினேன். யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தின் குறியீட்டை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு வந்து தேடுவார்கள். ஜியோகேச்சிங் என்று பெயர்.

“கிடைச்சா?”

“உள்ள இருக்கிற தாள்ல பேரை எழுதிட்டு, திரும்ப அங்கேயே வச்சிடுவாங்க.”

“அவ்வளவுதானா? படிச்சவங்களா?”

“நல்லாப் படிச்சவங்க.”

“அதான் பார்த்தேன்.” போனில் சில்லறை எண்ணும் சத்தம் கேட்டது. பிறகு, “ஆமா, ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்துத்தானே உள்ள வந்தாங்க!”

அத்தை அந்தக் கிராமத்து ஸ்டேஷனின் ஒரே டிக்கெட் கிளார்க். வாசலில் ‘வரலாற்றுச் சிறப்புமிக்க நிலையம்’ என்று பலகை உண்டு. இனி இங்கே எதுவும் நடக்காது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. டிக்கெட் விற்பனை இந்த வருஷமும் படுத்தால் ரயில் நிற்காது என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு அத்தையை நகரத்துப் புகார்ப் பிரிவுக்கு மாற்றுவார்களாம். சில்லறை கொடுக்கும்போதுகூட எதிராளியின் முகத்தைப் பார்க்காதவர், நாள் முழுக்கப் புகார் கேட்க வேண்டும்.

“புகார் சொல்ல வர்றவங்க பாவம்,” என்றார் மாமா. அத்தை அன்று அவருக்குக் காபி போடவில்லை.

அடுத்த முறை நான் போனபோது, டப்பாவின் இணையப் பக்கத்தில் ஆங்கிலத்தில் வந்திருந்த குறிப்புகளைப் படித்துச் சொன்னேன். எல்லாம் ஒரே பாட்டு: சுலபமாகக் கிடைத்தது, நன்றி.

“கிடைச்சவன் மறுபடி எதுக்கு வரப்போறான்?” என்று அத்தை கடுகடுத்தார்.

அன்றே தூணுக்கு அடியில் காந்தத்தால் ஒட்டியிருந்த டப்பா அவருடைய மேஜை டிராயருக்குக் குடிபோனது. வந்தவர்கள் தேடினார்கள். கிடைக்காமல் போய், அடுத்த வாரம் டார்ச், கண்ணாடி, மச்சான் சகிதம் திரும்பி வந்தார்கள். பிளாட்பாரத்துக்குள் நுழைய ஒவ்வொரு தடவையும் அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்தார்கள். ரயில் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. தலைமை அலுவலகத்துக்கு விற்ற டிக்கெட்தான் கணக்கு. வாங்கியவர் ஏறினாரா என்று விசாரிக்க அவர்கள் இன்னும் ஒரு பிரிவு தொடங்கவில்லை.

ஜன்னலில் வந்து கேட்டவர்களுக்கு, “எனக்கென்னங்க தெரியும்?” என்ற ஒரே பதில். அத்தையின் சிடுமூஞ்சி முதல்முறையாக ரயில்வேக்கு லாபம் தந்தது.

சிக்கல் பிறகு வந்தது. ‘கிடைக்கவில்லை’ என்ற குறிப்புகளே குவிந்ததால், டப்பா தொலைந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்தை மூடிவிடலாமா என்று ஒளித்துவைத்தவர் கேட்டிருந்தார். அதை வாசித்துக் காட்டினேன். அத்தைக்குப் புகார்ப் பிரிவு கண்முன் வந்திருக்க வேண்டும்.

டிராயரைத் திறந்தார். டப்பாவையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

“உள்ள பேரை எழுது. அப்புறம் உன் இங்கிலீஷ்ல நல்லா நீட்டி எழுது. டப்பா இங்கதான் இருக்கு, ஆனா மூணு தடவை வந்து அலைஞ்சு, நாலாவது தடவைதான் கிடைச்சுதுன்னு.”

பேனாவை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

“இரு. முதல்ல ஜன்னல் பக்கம் போய் ஒரு டிக்கெட் எடுத்துட்டு வந்துடும்மா.”