பல் போனவர்களுக்குப் பூஜ்ஜியம் போடாத அக்கா

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், படித்தது புள்ளியியல். ஈறு நோய்க் கணக்கெடுப்பில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே ஒருவரின் தவறைக் கண்டுபிடித்த மிடுக்கோடு, அறுபது படிவங்களைத் தூக்கிக்கொண்டு ஆலைக் குடியிருப்பின் பல் சிகிச்சை அறைக்குப் போனேன். அங்கேதான் அளவுக்கார அக்காவைப் பார்த்தேன். பதினொரு வருடம் கருவி கழுவி, பிறகு பயிற்சி எடுத்து அளக்க வந்தவர். நெற்றியில் விளக்கு, கையில் கோடு போட்ட மெல்லிய கம்பி. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்குவார். அது இறங்கும் இடைவெளிதான் குழி; நான்கு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இறங்கினால் நோய்.

"அக்கா, பல்லே இல்லாதவங்களுக்குப் பூஜ்ஜியம் போடணும். நீங்க அந்தக் கட்டத்தை அடிச்சுட்டு ஏதோ எழுதியிருக்கீங்க."

"பல்லு எப்படிப் போச்சுன்னு கேட்டு எழுதியிருக்கேன். ஆடி ஆடி விழுந்திருக்கு."

"பல் இல்லேன்னா குழி இல்ல. குழி இல்லேன்னா நோய் இல்லக்கா."

"செத்தவனுக்குக் காய்ச்சல் இல்ல. நல்லா இருக்கான்னு எழுதுவியா தம்பி?"

திரும்பி வந்து கணக்குப் போட்டேன். இருநூறு பேரில் முப்பத்தாறு பேருக்கு ஆழமான குழி, நூற்றுக்குப் பதினெட்டு. பல்லே இல்லாத அறுபது பேரில் ஆடி விழுந்ததாகச் சொன்ன ஐம்பது பேரையும் சேர்த்தால் நூற்றுக்கு நாற்பத்து மூன்று. நூற்றுக்கு இருபதுக்குக் கீழே போனால் அந்த அறையை மூடிவிடுவார்கள்.

திட்ட அதிகாரி நேரிலேயே வந்தார்.

"படிவத்துல இல்லாததை எழுத நீ யாரும்மா?"

"வாயைத் திறந்து பாத்தவ சார்."

"அவங்க சொல்றதை எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம். தெரியாதுன்னு எழுதுங்க. இல்லைன்னு எழுதாதீங்க."

"திருத்திக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா அடுத்த மாசம் வேலை இல்ல."

"அளந்தது என் கை. அளக்காத பூஜ்ஜியத்துக்கு அது கையெழுத்துப் போடாது."

நாற்காலியில் காத்திருந்த பொக்கைவாய்ப் பெரியவர் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அதிகாரி முகம் சிவந்தது.

அக்கா கடைசிவரை திருத்தவில்லை. நான் இரண்டு கணக்கையும், அவை எப்படி வந்தன என்ற விளக்கத்தோடு, மேலிடத்துக்கு அனுப்பினேன். என் பட்டத்துக்கு அன்றுதான் வேலை வந்தது. ஆறு வாரம் கழித்துப் பதில்: பல் இழந்தவர்களைத் தனியாகக் காட்ட வேண்டும், அதுவரை அறையை மூடக் கூடாது.

அக்காவின் ஒப்பந்தத்தை மட்டும் அதிகாரி புதுப்பிக்கவில்லை. இப்போது அக்கா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தனியார் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறார். வேலை போனதை எதிர்த்து அவர் போட்ட மனு விசாரணையில் இருக்கிறது.