ஒன்பது வாசலில் அக்காவின் வாசல்

ஆம்பூரில் சொந்தமாகத் தோல் மண்டி வைத்த முதல் சேரிக்காரன் நான்தான். வேறு எவனாவது அப்படிச் சொல்லிக்கொண்டால் நம்ப வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கம்மி, தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்று படித்தது ஜாஸ்தி. அந்தக் குழிக்கரையில் தோலில் மயிர் சுரண்டித்தான் அக்கா என்னை வளர்த்தாள். நான் முதலாளி ஆன பிறகும் சுரண்டுகத்தியை அவள் கீழே வைக்கவில்லை. சொல்லிப் பார்த்தேன், கேட்கிற ஆளில்லை.

அக்காவுக்குக் கோயில் என்றால் மதிலும் கோபுரத்தின் உச்சியும்தான். அந்தக் காலத்தில் எங்களை உள்ளே விட மாட்டார்கள். "உள்ள இன்னா கீதுன்னு பாக்காமலே போய்டுவேன் போலக்கீது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒருநாள் ஊரே பார்க்க, ஒரு தலைவாசல் வழியாக அவளைக் கூட்டிப் போகவேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

பம்பாயிலிருந்து தோல் வாங்க வரும் ஈரானி வியாபாரி ஒருவர், பஹாய் மதக்காரர், ஒருமுறை மண்டியில் ஒரு படத்தை விரித்துக் காட்டினார். அமெரிக்காவில் பெரிய ஏரிக்கரை ஒன்றில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த கோயில். ஒன்பது பக்கம், ஒன்பது வாசல், மேலே ஒரே கும்மட்டம். கும்மட்டம் முழுக்கச் சல்லடை மாதிரி பூ வேலை. வெளிச்சம் அதில் வடிந்து உள்ளே இறங்குமாம்.

"சாமி எங்க சேட்டு?" என்றேன்.

சிலை கிடையாது, பூசாரி கிடையாது, பிரசங்கம்கூடக் கிடையாது என்றார். எல்லா மதத்து வேதத்தையும் வாசிப்பார்கள், பாடுவார்கள், பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

"முன்வாசல் எது?"

அவர் சிரித்தார். ஒன்பதும் முன்வாசல்தானாம். ஒற்றை இலக்கத்தில் ஒன்பதுக்கு மேலே எண் இல்லை, அதனால் அதில் எல்லாம் அடக்கம். எந்தத் திக்கிலிருந்து வந்தவனும் அதே கும்மட்டத்தின் கீழேதான் வந்து சேருவான் என்றார்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்வாசலே இல்லாத கோயில். மண்டியை ஒட்டி இருந்த என் மனையில் அஸ்திவாரம் தோண்டச் சொல்லிவிட்டேன். மசூதிக் கும்மட்டம் கட்டிக் கைதேர்ந்த மேஸ்திரி வாணியம்பாடியிலிருந்து வந்தார். கதவு வேலைக்கு ஆலங்காயத்து ஆசாரி. சின்னக் கூடம்தான், ஆனால் அந்த மாதிரிக் கட்டடம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அமெரிக்காக்காரனுக்கு ஏரி, எனக்குச் சுண்ணாம்புக் குழி, வித்தியாசம் அவ்வளவுதான்.

வாசக்கால் நிறுத்திய அன்று நான் சரக்கோடு மெட்ராஸில் இருந்தேன். ஆசாரி வழக்கப்படி கிழக்கு வாசக்காலுக்கு மட்டும் நவதானியம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டிவிட்டார். திரும்பி வந்து கத்தினேன்.

"ஒரு கட்டடத்துக்கு ஒரு தலவாசல்தானே மொதலாளி" என்றார் ஆசாரி. "ஒம்போதுக்கும் பூஜை போட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும், ஒம்போதுக்கும் மஞ்ச பூசு" என்றேன். பூசினார். ஆனால் முதலில் பூசியது எது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

திறப்பு நாளில் நிலம் உள்ளவர்கள் எல்லாம் கிழக்கு வாசலில் போய் நின்றார்கள். மேற்கு வாசலைப் பாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள். குழியைப் பார்த்த தெற்கு வாசல் யாருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. தோல் சுரண்டுகிறவர்கள் தாங்களாகவே அங்கே போய் ஒதுங்கினார்கள். கூடத்துக்குள் இன்னும் ஒருவரும் கால் வைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அக்கா புதுப்புடவையில் குழிப்பக்கமாக வந்தாள். கையைப் பிடித்துக் கிழக்கே இழுத்தேன்.

"இப்டி வாக்கா."

"அது சுத்திப் போவணும்டா."

"சுத்தினா இன்னா? உனக்காகத்தான் கட்னேன்."

"எனக்காகக் கட்னியா, அவங்க பாக்கணும்னு கட்னியா?"

"ரெண்டுந்தான்."

"ஒம்போதும் ஒண்ணுதான்னு ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சியே. இதுல போனா இன்னா கொறஞ்சிடும்?"

கையை உதறிவிட்டுத் தெற்கு வாசல் வழியாக உள்ளே போனாள். ஒதுங்கி நின்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள். நான் கிழக்கே ஓடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தேன். அக்கா கும்மட்டத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கிழக்கு வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மீதிப்பேரில் கணியம்பாடிப் பக்கத்துக் கிழவர் ஒருவர் மட்டும் உள்ளே வந்து தூணோரம் உட்கார்ந்தார்.

எனக்கு உட்காரத் தெரியவில்லை. அடிக்க மணி இல்லை, ஒற்றிக்கொள்ளக் கற்பூரம் இல்லை, கைக்கு ஒரு வேலையும் இல்லை. வாசல் வாசலாகச் சுற்றிவிட்டு அக்காவிடம் குனிந்தேன்.

"பயந்துதானே அதுல வந்த?"

"கிட்ட இருந்திச்சு, வந்தேன். ஒக்காருடா, காத்து மறைக்கிற."

அந்த ஈரானி இருந்திருந்தால் அவள் சொன்னதுதான் சரி என்றிருப்பார். எனக்கு ஆறவில்லை. பயந்துபோய் அந்த வாசலில் வந்திருந்தால் இத்தனை செங்கல்லும் வீண். பயமில்லாமல் வந்திருந்தால் அவளுக்கு நான் கிழக்கு வாசலைக் காட்டியதே வீண். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, கண்ணை மூடியிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் மட்டும் கிழக்கு வாசலுக்கே போனது, இன்னும் யாராவது நின்று பார்க்கிறார்களா என்று.