நடுக்கிண்ணம்

அக்காவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகோ சீரகமோ இருந்ததில்லை. திருப்பாதிரிப்புலியூர் வாடகை வீட்டில், மாதம் பிறந்தால் மாமாவின் சம்பளத்தை அதில்தான் பிரித்து வைப்பாள். அரிசிக்கு, பாலுக்கு, கரண்ட்டுக்கு ஒவ்வொரு கிண்ணம். நடுக்கிண்ணம் மட்டும் மகளின் நர்சிங் படிப்புக்கு. கிண்ணத்தைவிட்டுக் காசு போனால் செலவு, போகாவிட்டால் செலவில்லை. அந்தக் கணக்கில் அவள் ஒருநாளும் பிசகியதில்லை.

2006இல் மாமாவுக்கு கிரெடிட் கார்டு வந்தது. பண்ருட்டிச் சொந்தங்கள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தால் மாமாதான் கார்டைத் தேய்ப்பார். அவர்கள் ரொக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். "மாப்ள கையெழுத்துப் போட்டா பட்டுப்பொடவ வருது பாரு" என்று பெரியவர்கள் கிண்டலடிக்க, அவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். அந்த ரொக்கமெல்லாம் நேரே நடுக்கிண்ணத்துக்குப் போனது. கார்டுக்கென்று ஓரமாக ஒரு கிண்ணம். அதில் வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை மட்டும். முழுதாகக் கட்ட வேண்டாமா என்று கேட்டேன். "சீட்டு கட்றதில்லையா மச்சான், அந்த மாதிரிதான். மாசாமாசம் கட்டினா தன்னால முடிஞ்சிடும்" என்றார் மாமா. "கவித எழுதறவனுக்கு எதுக்குடா கணக்கு" என்று அக்கா சிரித்தாள். நடுக்கிண்ணம் நிறைந்துகொண்டிருந்த காலம் அது. எதற்கும் சிரிப்பு வந்தது.

குறைந்தபட்சத் தொகையே ஓரக்கிண்ணத்துக்கு எட்டாமல் ஏறி இரண்டு மாதம் நின்றுபோக, மகள் பன்னிரண்டாவது முடித்த கோடையில் வங்கியிலிருந்து வசூலுக்கு ஒருவர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இத்தினி நாளா நீங்க கட்டினது வட்டிக்கே சரியாப்போச்சுக்கா. அசல் அப்படியே நிக்குது" என்றார். மரியாதையானவர். அந்த மரியாதையை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. படிப்புக்கென்று சேர்ந்தது சேமிப்பே இல்லை, வட்டி ஏறும் வங்கிப்பணம் என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. சொந்தங்களைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர்கள் அன்றன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். நடுக்கிண்ணத்தை வந்தவர் முன்னால் கவிழ்த்தாள். போதவில்லை. வளையலைக் கழற்றினாள். மாமா சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை.

இப்போது அவள் சிதம்பரம் கீழவீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். காலையிலிருந்து கடை மூடும்வரை, வருகிறவர்களையெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "கார்டா, கேஷா?"

போனவாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா அதே அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, நடுக்கிண்ணத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். கிண்ணத்தின் விளிம்பில், மகள் பள்ளிக்கூட நாளில் எழுதி ஒட்டிய தாள், 'காலேஜ்' என்று, இன்னும் உரியாமல் இருக்கிறது.