எனக்கென்று விட்டுவைத்த மீசான் கட்டை

சாச்சா மௌத்தாகிவிட்டார் என்று சிலாபம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. மையித்தைப் புத்தளத்துக்குக் கொண்டுவர வேன் கூலி என்ன ஆகும் என்றுதான் முதலில் யோசித்தேன். அவர் வாப்பாவின் தம்பி, பிள்ளைகுட்டி இல்லாதவர், என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர் என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி கூலியைத்தான் யோசித்தேன்.

அந்த நாட்களில் என் ஓட்டோவுக்கு லீசிங் கட்டுவதற்காக மனைவியின் தோடு வரை அடகில் கிடந்தது. சாச்சாவிடமும் ஒன்றும் இல்லை. கற்பிட்டிப் பக்கம் கருவாட்டு வாடியில் உழைத்ததையெல்லாம் தேத்தண்ணிக் கடையில் கண்டவனுக்கும் வாங்கிக் கொடுத்தே தீர்த்த மனுஷன்.

எங்கள் மஹல்லாவில் பள்ளிவாசலுக்கு மாதச் சந்தா கட்டும் வீட்டில் மௌத்து நடந்தால் மையித்தைச் சுற்றும் கபன் துணி, கப்ரு வெட்டும் கூலி எல்லாவற்றையும் பள்ளியே பார்த்துக்கொள்ளும். சாச்சா அதையும் முறித்துக்கொண்டிருந்தார். யுத்தத்தின்போது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு எங்களோடு வந்தவர் அவர். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, ஒருநாள் குழாயடியில் யாரோ அவரை ‘அகதி’ என்று சொல்லிவிட்டார்கள். நேரே பள்ளி வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டார்.

“இனி என்ட சந்தா என்ட ஊருப் பள்ளிக்குத்தான். மௌத்தானாலும் உங்கட மண்ணுல அடங்க மாட்டன்.”

சொன்னபடி ஊருக்குப் போனார். அங்கே வீடு இருந்த இடத்தில் காடு மண்டிக் கிடந்தது. தறப்பாளுக்குக் கீழே ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்துவிட்டு, இடிந்த வீட்டுக் கதவிலிருந்து ஒரேயொரு முதிரைப் பலகையோடு திரும்பி வந்தார். அதைக் கல்லின் மேல் போட்டு அதில்தான் உட்காருவார், அதில்தான் படுப்பார். வேறு கதிரை போட்டாலும் உட்காரமாட்டார். சந்தாவை மட்டும் மறுபடி தொடங்கவே இல்லை. அப்படி ஒரு ரோசம். இப்போது அவரை அடக்குவதற்கு அங்கேயும் ஆள் இல்லை, இங்கேயும் உரிமை இல்லை.

பள்ளித் தலைவர் வீட்டுக்குப் போனேன். உப்பளம் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர். சாச்சா சத்தம் போட்ட அன்று வாசலில் நின்று கேட்டவரும் அவர்தான். பாண் துண்டைக் கறியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஹாஜியார், சாச்சா மௌத்து. சந்தா இல்ல எண்டு தெரியும். கபனுக்கும் கப்ருக்கும் ஆகுற செலவ மாசாமாசம் நான் கட்டித் தாறன். அடக்க மட்டும் இடம் தாங்க.”

அவர் பீங்கானைத் தள்ளிவைத்தார்.

“உனக்கு ஓதித் தந்தது ஆரு? மௌத்தானவர அடக்குறது ஊர் மேல உள்ள கடம. ஒருத்தரும் அடக்காட்டி மஹல்லா முழுக்கக் குத்தவாளி. எங்கட கடமைக்கு நீ வந்து எங்கட்டத் தவண கேக்கிறாய்.”

“அவரு அண்டைக்குச் சொன்ன கதை...”

“அது அவரு சொன்ன கதை. நாங்க ஒண்டும் சொல்லலயே. ஆஸ்பத்திரிக்கு ஆரு போறது, அதச் சொல்லு.”

நான் எழுந்து வாசலுக்கு வந்ததும் பின்னாலேயே வந்தார். “மீசான் கட்டைய மட்டும் நீ கொண்டு வா. அதையும் நாங்க எடுத்தா உனக்கெண்டு என்ன மிஞ்சும்?”

கப்ரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற பலகைகளைத்தான் சொன்னார். தெருவில் ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதில் துக்கத்தைவிட நிம்மதிதான் கூட இருந்தது.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு, மையித்துக்கான ஜனாஸாத் தொழுகை. அதற்கு முன் வாரிசு எழுந்து, மையித்து யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். சாச்சாவுக்காக அப்படிச் சொல்வது வலியப் போய்க் கழுத்தை நீட்டுகிற வேலை. எழுந்து சொன்னேன். உடனே தேத்தண்ணிக் கடைக்காரர் கையைத் தூக்கினார்.

“என்ட கடைக் கணக்கு முழுக்க ஹலால்” என்றார். பாக்கியையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

பின்வரிசையிலிருந்து கருவாட்டு முதலாளி எழுந்தார். “வேன் கூலி நான் குடுத்திட்டன். ஆரும் திருப்பித் தரப்படாது.”

அடுத்தவர் கபன் துணியைத் தாமே வாங்கிவிட்டதாகச் சொன்னார். பள்ளி கொடுக்க வேண்டியதை நீ எப்படி வாங்கலாம் என்று தலைவர் அவரைப் பிடித்துக்கொண்டார். செலவென்றதும் ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள் என்று நான் நினைத்திருக்க, இவர்கள் நன்மைக்கு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மையித்தை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மையவாடியில் மண் மூடிய பிறகு, சாக்கில் சுற்றி வைத்திருந்த என் மீசான் கட்டைகளை எடுத்து நட்டேன். தலைவர் குனிந்து மரத்தைத் தடவிப் பார்த்தார்.

“முதிரையா? எங்க வாங்கின?”

“வாங்கல்ல, ஹாஜியார். சாச்சா ஊரிலேயிருந்து கொண்டு வந்த பலகை. காலையில நான்தான் ரெண்டா அறுத்தன்.”

கால்மாட்டுப் பலகை சற்றுச் சாய்ந்திருந்தது. அவர் அதை நிமிர்த்திக் காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். உங்கள் மண்ணில் அடங்க மாட்டேன் என்ற மனுஷன், தன் வீட்டுக் கதவைத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வைத்துக்கொண்டு அந்த மண்ணில் அடங்கினார். எனக்கென்று ஊர் விட்டுவைத்த அந்தச் சின்னச் செலவையும் அவரே கொடுத்துவிட்டார்.