மூன்று ரோடும் ஒரு பச்சையும்

சிக்னலுக்கு நேரம் வைக்கிறவனை ஊரில் யாருக்கும் தெரியாது. அவனைத் திட்டாதவர்களும் யாரும் கிடையாது. சிவப்பில் நின்று பல்லைக் கடித்தவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்கவும். சிக்னல் கன்ட்ரோல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நானும் பல்லைக் கடித்தவன்தான்.

தேனியில் கம்பம், மதுரை, பெரியகுளம் ரோடுகள் சேரும் இடத்தில் எனக்கு வேலை. நேரத்தைக் கூட்டிக் குறைத்து நெரிசலைத் தீர்க்க வேண்டும். "கார்த்திகை பொறந்து ஐயப்பன் கோயில் வண்டிக வர்றதுக்குள்ள சரியாகலேன்னா, சிக்னல அணைச்சுட்டு பழையபடி ஏட்டய்யாவ நிறுத்திருவேன்" என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். சிக்னல் போனால் என் வேலையும் போகும். கல்யாணமான புதுசு வேறு.

ஏறுமிடம்

காலையில் பெரியகுளம் ரோட்டில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பச்சையைக் கூட்டினேன், சத்தமும் கூடியது. போய்ப் பார்த்தால், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் பச்சை எரிந்தும் நகராமல் நிற்கின்றன. ஜெயமங்கலம் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள், சிவப்புக்கு நிற்கும் ஜீப்பில்தான் ஏறுவார்களாம். நான் சிவப்பைக் குறைத்துவிட்டதால் பாதிப் பேர் ஏறுவதற்குள் பச்சை வந்துவிடுகிறது.

டிரைவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஜீப்புகளைச் சந்திப்பு தாண்டி நிறுத்த வைத்தேன். தூக்குவாளியோடு நடந்த ஓர் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செகப்ப இன்னுங் கொஞ்சம் எரிய விட்டா நாங்க பாட்டுக்கு ஏறிப் போயிருப்போம்ல. எங்கள நடக்க விட்டாத்தான் ஒனக்குச் சம்பளமாக்கும்?"

நோன்பு நேரம்

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு ஐப்பசியிலேயே பிறந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. சாயங்காலம் மதுரை ரோட்டிலிருந்து கம்பம் பக்கம் திரும்புகிற வண்டி கொஞ்சம்தான் என்று, பச்சையும் கொஞ்சமாகவே வைத்திருந்தேன். நோன்பு திறக்க வீட்டுக்குப் போகும் உத்தமபாளையம் வியாபாரிகள் எல்லாம் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. வேனில் இருந்த தேங்காய் வியாபாரி ஒருவர் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, தான் ஒன்று தின்றுவிட்டு, கன்ட்ரோல் பெட்டியருகே நின்ற எனக்கும் ஒன்று நீட்டினார். வெட்கமாகிவிட்டது. நாளைக்கே மாற்றிவிடுகிறேன் பாய் என்றேன். அவர் சிரித்தார். "மெதுவா மாத்துங்க தம்பி. இன்னொரு செகப்பு போட்டீகன்னா நோன்புக் கஞ்சியையும் இங்கனயே காய்ச்சிருவோம்."

கார்த்திகை முதல் நாள்

மாலை போட்ட சாமிகளின் வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. கம்பம் பக்கம் போகிறவர்களுக்குத் தாராளமாகப் பச்சை வைத்திருந்தேன். நின்ற வண்டி எல்லாம் ஒரே பச்சையில் கடந்தது. ஏட்டய்யா நிம்மதியாக டீ குடித்தார். வீட்டுக்கு அல்வா வாங்கிப் போகலாம் என்றிருந்தது எனக்கு, அவ்வளவு சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் மூன்று ரோட்டையும் நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நெரிசலே இல்லையேப்பா. பெறகு இங்கன சிக்னல் எதுக்கு, அணைச்சுருவமா?"

அன்றிலிருந்து, என் வேலை நிலைப்பதற்கு வேண்டிய நெரிசலை மட்டும் மிச்சம் வைத்துத்தான் நேரம் வைக்கிறேன்.