குற்றவாளிக்கும் சுற்றவாளிக்கும் நடுவில் ஓர் எழுத்து

ரஹீமா டீச்சர் காலமான செய்தி எனக்கு எழுத்தில் வந்தது. எழுபத்து மூன்று வயதில் நான் என் கண்ணாலேயே வாசித்த முதல் சாவுச் செய்தி அதுதான். காலையில் பீட்ரூட் பாத்தியில் நின்றபோது சட்டைப் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. டீச்சருடைய மகள் அனுப்பியிருந்தார். எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். 'உம்மா' என்பது உடனே வந்துவிட்டது. அடுத்த எழுத்து பிடிபடவில்லை. முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ம, பின்னால் ள போல ஒன்று. டீச்சர் எனக்கு ஓ வரைக்கும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். "ஔவன்னாவ அடுத்த மாசம் பாப்பம் ஐயா, அது அவ்வளவு தேவப்படாது" என்று சொல்லியிருந்தார். "மெள... மெளத்..." என்று நான் வாய்விட்டுக் கூட்டிக்கொண்டே போனேன். 'ஆகிட்டாங்க' என்பது வந்ததும் முழுச் சொல்லும் தானாக வாயில் விழுந்தது. உம்மா மௌத்தாகிட்டாங்க. அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அழுதேன். அழும்போதே உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் எழுந்தது. அதை மறைத்தால் டீச்சருக்குப் பொய் சொன்னதாகிவிடும். யாரிடமும் ஃபோனை நீட்டாமல் நானே வாசித்துவிட்டேன் அல்லவா!

டீச்சரிடம் படித்தவர்கள் சேர்ந்து இந்த நினைவு மலரைப் போடுகிறீர்கள். உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், பாடசாலை அதிபர்கள் இருக்கிறீர்கள். நான் கடைசி வாங்கில் கடைசியாக வந்து உட்கார்ந்தவன். இராமையா என்பது என் பெயர். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை செய்தவன். மெதுவாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருசத்துக்கு முன் கண்டிக்குப் பக்கத்தில் ஒரு நீதிமன்ற வராந்தாவில்தான் டீச்சரை முதலில் பார்த்தேன். எந்த நீதிமன்றம் என்று சொல்ல மாட்டேன். என் மருமகள் செல்வராணிக்கு அன்று வழக்கு. லயத்து வீட்டுக்குப் பின்னால் கசிப்புச் சாராயம் காய்ச்சினாள் என்று இரண்டாவது தடவையாகப் பிடித்திருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டாள், எச்சரித்துத் தண்டம் போட்டு விட்டுவிட்டார்கள். வராந்தாக் கதிரையில் முக்காடு போட்ட ஓர் அம்மா, மடியில் கொப்பியோடு முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். நான் பெருமையாக அவரிடம் சொன்னேன்.

"பொம்பளப்புள்ளன்னு எறக்கப்பட்டு விட்டுட்டாங்க, அம்மா."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப கசிப்பு அவதான் காச்சினதா?"

நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த காத்தாடியைப் பார்த்தேன். டீச்சர் அதற்கு மேல் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"ஐயா எழுதுவீங்களா?"

"கைநாட்டு."

"எண்ணுவீங்களா?"

"முப்பது வருசம் கொழுந்துச் சாக்கு எண்ணுனவன் அம்மா. ஒன்னு கொறஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

"அப்ப போதும். மாடிப்படி ஏற எனக்கு முழங்கால் விடுதில்ல. எனக்காக மேல போய் உக்காந்து பாருங்கோ."

சமூகவியல் படிப்பித்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். குற்றத்தில் ஆணும் பெண்ணும் ஏன் ஒரு மாதிரி இல்லை, நீதி ஏன் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை என்பதே அதில் விசயம். அதற்காக வாரம் இரண்டு நாள் நான் ஹேவாஹெட்ட பஸ்ஸில் இறங்கி வந்து, நீதிமன்றத்தின் பொதுமக்கள் வாங்கில் உட்கார்ந்தேன். அங்கே நடப்பது சிங்களத்தில். எழுத்துத் தெரியாவிட்டாலும் காதுக்குச் சிங்களம் தெரியும். டீச்சர் தந்த கொப்பியில் ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு வட்டம் போட்டேன். செய்த காரியத்தைப் பற்றிக் கேட்டால் பக்கத்தில் ஒரு மண்வெட்டி. வீட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு சட்டி. வீட்டுக்குப் போனால் திறந்த கதவு. உள்ளே போனால் கம்பி. இந்த அடையாளங்களை நானே உண்டாக்கினேன். டீச்சர் பார்த்துவிட்டுக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

முதல் கொப்பி முடிந்ததும் கெலிஓயாவில் டீச்சர் வீட்டுக்குக் கொண்டு போனேன். பக்கம் பக்கமாகக் கோடுகள்தான். வட்டம் அங்கொன்று இங்கொன்று.

"பொம்பளைங்க பொறவியிலேயே நல்லவங்க டீச்சர். கொப்பியே சொல்லுது" என்றேன்.

"அப்பிடியா? சின்ன வயசில பின்னேரம் ஆறு மணிக்கு ஒங்கட தங்கச்சி எங்க இருப்பாங்க?"

"வீட்டுலதான். எங்கம்மா வெளிய விடாது."

"நீங்க?"

"ஆத்தோரத்துல. காசு வச்சுக் கடுதாசி வெளையாட்டு."

"ஒங்கள யாரும் தேடல்லயா?"

"எதுக்குத் தேடுறாங்க? சோறு மூடி வச்சிருப்பாங்க."

டீச்சர் சிரித்தார். "நல்ல மனசு கெட்ட மனசு எண்டு சொல்ல முந்தி, கதவு யாருக்குத் தொறந்திருந்திச்சு எண்டு பாக்கோணும் ஐயா." அன்று பஸ்ஸில் திரும்பும்போது தலாத்துஓயா வரைக்கும் என் தங்கச்சியை நினைத்துக்கொண்டே வந்தேன். அவள் என்னைவிடத் துணிச்சல்காரி. கதவு திறந்திருந்தால் என்ன ஆகியிருப்பாளோ! திருடியாகவும் ஆகியிருக்கலாம், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையாகவும் ஆகியிருக்கலாம்.

இன்னொரு நாள் கடையில் பால்மா எடுத்த வழக்கு மூன்று வந்தது. ஒருவன் ஆண். "ஏன் எடுத்தாய்? என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டார்கள். கோடு, மண்வெட்டி. அடுத்தவள் இடுப்பில் பிள்ளையோடு அழுதாள். "புருசன் எங்கே? பிள்ளைகளை யார் பார்க்கிறது?" என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாமவள் கட்டையாக முடி வெட்டி, காற்சட்டை போட்டு, நிமிர்ந்து பதில் சொன்னாள். அவளிடமும் புருசனைத்தான் கேட்டார்கள். "இல்லை" என்றாள். கம்பி. எடுத்தது அதே பால்மாப் பைக்கற்றுத்தான். பிள்ளைக்காரிக்குக் கிடைத்த இரக்கத்தை நான் மெச்சிப் பேசினேன். டீச்சர் மெச்சவில்லை.

"எறக்கமும் ஒரு தராசுதான் ஐயா. அந்தத் தட்டில அவங்க பால்மாவ வெக்கல்ல, பொம்பளயத் தூக்கி வெச்சிட்டாங்க."

எனக்கு எழுத்து வந்தது அந்தக் கொப்பியிலிருந்துதான். நான் வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் கீழே டீச்சர் பேனாவால் அதன் பெயரை எழுதி வைப்பார். பார்த்துப் பார்த்து நான் கீறுவேன். ஒரு நாள் வட்டத்துக்குக் கீழே 'பெண்' என்றும் கோட்டுக்குக் கீழே 'ஆண்' என்றும் இருந்தது. "முன்னால வளைஞ்சு நிக்கிறது என்ன டீச்சர்?" என்றேன். "அதுக்குப் பேர் கொம்பு" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆம்பளைக்குத்தான் கொம்பு மொளச்சிருக்குன்னு இத்தன வருசம் நெனச்சிருந்தேன். எழுத்துல பாத்தா பொம்பளைக்கில்ல இருக்கு!" டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அதற்குப் பிறகு இந்தக் கதையைச் சொல்லாமல் தேத்தண்ணி கொடுக்க மாட்டார்.

போன வருசம் செல்வராணி மூன்றாவது தடவை பிடிபட்டாள். காய்ச்சியது என் மகன். அவன் ஓடிவிட்டான். துணி துவைத்துக்கொண்டு நின்றவளைக் கொண்டுபோனார்கள். அவள் பிணையில் வந்த பிறகு அவனும் வீடு திரும்பினான். "போன ரெண்டு தடவ மாதிரி அவளே ஒத்துக்கட்டும். பொம்பளைன்னா எறக்கப்படுவாங்க" என்றான் மகன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். கசிப்புக்கு ஆண் கை, கூண்டுக்குப் பெண் கால்.

நான் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனேன். மூன்றாவது தடவை வந்த பெண்களுக்கு நான் வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம் போட்டிருந்தேன். டீச்சர் அவற்றை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். ஒற்றை வட்டத்துக்குக் கதவு, அநேகமாக எல்லோருக்கும். இரட்டை வட்டத்துக்குக் கம்பி, கம்பி, கம்பி. "தாயாக இருந்துமா இப்படி?" என்று அவர்களைக் கேட்டது என் காதிலேயே இருந்தது. திரும்பத் திரும்ப வந்த ஆண் எவனிடமும் "தகப்பனாக இருந்துமா?" என்று கேட்டதாக நான் ஒரு சட்டிகூட வரையவில்லை. செல்வராணி இந்தத் தடவை உள்ளே போகப் போகிறாள் என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "ஐயா, இந்த வட்டங்களுக்குள்ள ஒங்கட வீட்டு ஆள் வேற யாரும் இரிக்காங்களா?"

அன்றைக்குக் காத்தாடியைப் பார்க்கவில்லை. சொன்னேன். நாற்பது வருசத்துக்கு முன் நானும் காய்ச்சினேன். பிடித்தபோது என் மனைவி செல்லம்மாவை நிறுத்தினேன். கூண்டில் மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார், குற்றவாளியா சுற்றவாளியா என்று. சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். நான் சொல்லிக் கொடுத்தபடி அவள் "குற்றவாளி" என்றாள். ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து லயத்தில் அவளுக்குப் பெயர் கசிப்புக்காரி. எனக்குப் பெயர் பாவம் இராமையா. அவளைக் குழியில் இறக்கிய அன்றும் இரண்டு பேர் அந்தப் பெயர்களைத்தான் சொன்னார்கள்.

டீச்சர் என்னைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. ஒரு தாளில் இரண்டு சொற்களை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதி நீட்டினார். கூட்டி வாசித்தேன். குற்றவாளி. சுற்றவாளி.

"என்ன வித்தியாசம் ஐயா?"

"மொத எழுத்து மட்டுந்தான் டீச்சர். மத்ததெல்லாம் ஒன்னு."

"அந்த எழுத்த வீட்டுக்குக் கொண்டு போங்கோ."

கொண்டு போனேன். சாப்பாட்டு வேளையில் மகனுடைய தட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்தேன்.

"என்னாது இது? எழுத்துப் படிச்சதும் ஜட்ஜாயிட்டீங்களோ?" என்றான்.

"ஜட்ஜு இல்லடா. சாட்சி. யாரு கசிப்புப் பானைன்னு கூண்டுல ஏறிச் சொல்லப்போறேன். முதல்ல ஒன்னோடத, அதுக்குப் பொறகு என்னோடத."

"பெத்த புள்ளையயா?"

"ஒங்கம்மாவ நிறுத்துனப்ப நீ தொட்டில்ல கெடந்த. ஒரு மாசம் பாலில்லாம கத்துன. அதுக்கும் சேர்த்துத்தான்."

செல்வராணி அடுப்படியிலிருந்து வந்து தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் எட்டாம் வகுப்புப் படித்தவள். "மாமா, ரெண்டு தடவ கூண்டுல ஏறுனேன், இந்த ரெண்டாவது வார்த்தையும் நான் சொல்லலாம்னு யாரும் எனக்குச் சொல்லலியே" என்றாள். பிறகு மகனைப் பார்த்து, "ரசம் ஊத்தவா, இல்ல அதுக்கும் கோர்ட்டுக்குப் போகணுமா?" என்றாள்.

வழக்கு நாளன்று டீச்சரிடம் படித்த வக்கீல் ஒருவர் செல்வராணிக்காக நின்றார். உங்களில் ஒருவர்தான், பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். கேள்வி வந்தது. செல்வராணி "சுற்றவாளி" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார், அவ்வளவு சத்தம்! நான் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் சாட்சி விசாரணைக்கு முந்தின வாரம் என் மகன் தானே வக்கீலைத் தேடிப் போய், பொலிசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். "அவ சொன்ன சத்தம் காதுலயே நிக்குதுப்பா" என்றான். செல்வராணியை விடுதலை செய்தார்கள்.

அவன் கூண்டில் நின்ற நாளைத்தான் நான் சாகும்வரை சொல்லுவேன். நீதவான் அவனைப் பார்த்து, "நீ உள்ளே போனால் உன் பிள்ளைகளுக்கு யார் சோறு கொடுப்பது?" என்று கேட்டார்.

"அவதான் சேர்."

"அப்போ அவளை இங்கே அனுப்பும்போது யார் கொடுப்பது என்று நினைத்தாய்?"

வாங்கில் இருந்த நான் கொப்பியைத் திறந்தேன். ஒரு கோடு போட்டேன். அதன் பக்கத்தில் ஒரு சட்டி வரைந்தேன். அத்தனை கொப்பிகளிலும் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் வந்த முதல் சட்டி! மாடிப்படியில் இறங்கும்போதே டீச்சருக்கு ஃபோன் எடுத்தேன். "டீச்சர், கோட்டுக்குச் சட்டி விழுந்திருச்சு!" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தில் டீச்சர் கத்தியது அதைவிடப் பெரிய சத்தம்.

மகன் தண்டனையை அனுபவித்துவிட்டு வந்து இப்போது என்னோடு பீட்ரூட் போடுகிறான். செல்வராணி தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். லயத்தில் நான் ஒவ்வொரு வீடாகப் போய், காய்ச்சியது செல்லம்மா இல்லை, நான்தான் என்று சொன்னேன். சிலர், "இந்த வயசுல எதுக்கு இது?" என்றார்கள். எழுத்து இந்த வயதில்தானே வந்தது!

பிறகு செல்லம்மாவின் குழிக்குச் சீமெந்து பூசினேன். ஈரம் காயுமுன் ஒரு குச்சியால் நானே எழுதினேன். செல்லம்மா. கொம்பு முன்னால். அதன் கீழ், சுற்றவாளி. படம் பிடித்து டீச்சருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

"றன்னாக்கு மேல புள்ளி ஒண்ட விட்டுட்டீங்க ஐயா. பரவாயில்ல. தீர்ப்பு சரி."

டீச்சரை அடக்கிய அன்று கெலிஓயா மையவாடியில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். கொப்பிகள் புத்தகத்துக்காக அவர் மகளிடம் இருக்கின்றன. இருக்க வேண்டிய இடம் அது. கோட்டுக்குப் பக்கத்தில் சட்டி விழுந்த அந்த ஒரு தாளை மட்டும் மகள் கிழித்து எனக்குத் தந்தார். அது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இன்னொரு வேலையும் எனக்குப் பாக்கி இருந்தது. அடக்கத்துக்கு மறுநாள் காலை ஓர் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு செல்லம்மாவிடம் போனேன். சீமெந்து இறுகிவிட்டது. மூன்று அடி அடித்தேன். முதல் றன்னாவுக்கு மேலே புள்ளி விழுந்தது.

இப்போது எழுத்தும் சரி, டீச்சர்.