ஐஸைக் கடித்த காசு

என் அண்ணி சந்தை வாசலில் ஐஸ் விற்கிறவர். இருபத்திரண்டு வருடமாக மீன் கடைகளுக்குக் கட்டியை உடைத்துக் கொடுப்பது அவர்தான். அண்ணன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் அஞ்சாவதோடு நின்றவள். அண்ணி பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர், எண்கள் மட்டும் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தது கடைசியில் வெள்ளிக்கடைக்காரருக்கே தெரியாமல் போனது.

சென்ற வருடம் அண்ணியின் வலது தோள் படுத்துவிட்டது. "இன்னும் ஆறு மாசம் சுத்தியலைத் தூக்கினீங்கன்னா, அப்புறம் அந்தக் கை வெறும் அழகுக்குத்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மூடப்போகும் பழரசக்காரர் ஒருவரிடம் ஐஸ் உடைக்கும் மெஷின் இருந்தது. சனிக்கிழமை வரை யாருக்கும் தரமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதை வாங்க அண்ணியிடம் இருந்தது ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய காசுதான்.

எங்கள் சின்ன வயதில் பெரிய காசில் முக்கால்வாசி வெள்ளி இருந்தது. பிறகு அதைப் பாதியாக்கினார்கள். பிறகு வெள்ளியையே எடுத்துவிட்டார்கள். முகமும் அளவும் பளபளப்பும் மட்டும் மாறவில்லை. இன்று அவை கடையில் செல்லாது, எடைக்குத்தான் போகும். முந்திய காசுகளை விவரமானவர்கள் அப்போதே பதுக்கிவிட்டார்கள். வெள்ளி போட்டு அடித்த கடைசி வருடம் எது என்று அண்ணி யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த எண் போட்ட காசு கையில் விழுந்தால் மட்டும் எடுத்து வைத்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் வெள்ளிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு காசைச் சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினார். இன்னொன்றைச் சுரண்டினார். டப்பாவைத் தள்ளிவிட்டார்.

"ஏம்மா, இது வெள்ளி, இது நிக்கல். கலந்து கொண்டுவந்து என் தலையில கட்டப் பாக்கறியா?"

"எல்லாம் ஒரே வருஷம்ங்கய்யா. நம்பரைப் பாருங்க."

"நம்பர் சரிதான். ஆறு மாசம் வெள்ளி போட்டு அடிச்சாங்க, மீதி ஆறு மாசம் போடாம அடிச்சாங்க. நம்பரை மாத்தல. தேஞ்ச காசு, எடையிலயும் தெரியாது. ஒண்ணொண்ணாச் சுரண்டிக்கிட்டு இருக்க எனக்கு வேற வேலை இல்லையா? மொத்தமா நிக்கல் விலைன்னா குடு."

"நிக்கல் விலைக்குக் குடுக்கறதுக்கு, நானே வாயில போட்டு முழுங்கிருவேன்" என்று அண்ணி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

வழியெல்லாம் நான் வாய்க்குள்ளேயே கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். முன்னால் போன அண்ணி சட்டென்று நின்றார்.

"ஏம்மா, நம்ம மீன்காரர் ஒருத்தரை நான் கஞ்சன்னு கிண்டல் பண்ணுவேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இந்தக் காசு புழங்கிய நாளில் நடந்தது அது. அண்ணியின் கையில் எப்போதும் சுத்தியல் இருக்கும். அதனால் வாங்க வருகிறவர்கள் காசை ஐஸ் கட்டியின் மேலேயே வைத்துவிடுவார்கள். அவர் திரும்புவதற்குள் சில காசு குழி பறித்து உள்ளே இறங்கியிருக்கும். சில காசு வைத்தபடி கிடக்கும். இறங்கியிருந்தால் அண்ணி விடமாட்டார். "குடுக்க மனசில்லாம இறுக்கிப் பிடிச்சிருந்தீங்களா? உங்க கைச்சூட்டுல என் ஐஸ் கரையுது பாருங்க!" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மீன்காரர் வெட்கப்பட்டு, அதன்பிறகு காசை ஊதி ஊதி வைப்பார்.

"பாவம், அந்த மனுஷன் கை சூடில்லம்மா. வெள்ளி சூட்டைச் சட்டுன்னு இறக்கிவிடும் போல, அதுதான் ஐஸைக் கடிச்சிருக்கு" என்றார் அண்ணி.

மறுநாள் சந்தை ஓய்ந்ததும் கால்வாசிக் கட்டி ஐஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வெள்ளிக்கடைக்குப் போனோம்.

"என்னம்மா, என்னைக் குளிர்விக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"நீங்க சோதிச்சு வெச்ச காசு மூணு குடுங்க. எதுல வெள்ளின்னு சொல்றேன்."

அவர் சுரண்டிய பக்கம் கீழே இருக்கும்படி மூன்று காசை ஐஸ் மேல் வைத்தார். இரண்டு இறங்கின. அவர் உதட்டைப் பிதுக்கினார். "தப்பு. இதுல வெள்ளி ஒண்ணுதான். இது நிக்கல்."

அண்ணி அசரவில்லை. "இந்த நிக்கல் காசை எங்கேருந்து எடுத்தீங்க?"

"அது மட்டும் அடுப்புப் பக்கத்துல கிடந்துச்சு. ஏன்?"

"அதைச் சொல்லணும்ல! எல்லாம் முதல்ல ஒரே தண்ணியில குளிச்சிட்டு வரட்டும்."

மூன்றையும் கிண்ணத்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி வைத்தார். இந்தத் தடவை ஒன்று பாதி முங்கியது. மற்ற இரண்டும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி நகராமல் கிடந்தன. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

எங்கள் டப்பாவில் இருநூற்றுப் பன்னிரண்டு காசு. எண்பத்தேழு இறங்கின. அதில் பத்தை அவர் சுரண்டிப் பார்த்தார், பத்தும் வெள்ளி. வெள்ளி விலையே கொடுத்தார். ஆனால் அது மெஷினின் பாதி விலைக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது.

"சனிக்கிழமைக்கு மூணு நாள் இருக்கு அண்ணி. கடவுள் பாத்துக்குவார்" என்றேன்.

அண்ணி மேசைக்கு அடியிலிருந்த மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்னங்கய்யா?"

"அதுவும் அந்த வருஷக் காசுதான். தெரியாம வாங்கி மாட்டிக்கிட்டேன். ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும்."

"பிரிச்சுத் தர்றேன். பத்து வெள்ளிக் காசுக்கு ஒண்ணு எனக்கு."

"பத்துக்கு ஒண்ணா? அதான் பாத்துட்டேனே, நானே ஐஸ் வாங்கி வெச்சுப் பிரிச்சுக்க மாட்டேனா?"

"தாராளமா. ஐஸ் விக்கறதும் நான்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபதுக்கு ஒண்ணு தர்றேன்."

அண்ணி சாக்கை மடிக்க ஆரம்பித்தார். "நீங்க நிதானமா யோசிங்கய்யா. ஐஸ் காத்திருக்காது."

நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். திறந்தபோது, "பன்னெண்டுக்கு ஒண்ணு, தொலையுது போ!" என்று கடைக்காரர் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணி கூலியைப் பேசி முடித்திருந்தார். இரண்டும் வேண்டியதுதான்.

மூன்று நாள், சந்தை ஓய்ந்த பிறகு அந்தக் கடையின் தரையில் உட்கார்ந்தோம். காசைத் தண்ணீரில் போடுவது நான். அண்ணி இடது கையால் முப்பது முப்பதாக ஐஸில் அடுக்கி, நாற்பது எண்ணி, இறங்கியதை மட்டும் கிள்ளி எடுப்பார். விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். ஊதிக்கொண்டு அடுத்த முப்பதை அடுக்குவார். மூன்றாம் நாள் இருட்டுவதற்குள் அவர் பங்கு எழுபத்தொன்று. அதையும் அங்கேயே விற்றார். மெஷினுக்குச் சரியாக இருந்தது, வண்டிக்கூலி போக கொஞ்சம் மிஞ்சியது.

சனிக்கிழமை பழரசக்காரர் கதவைத் திறந்தபோது அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான்கு ஆட்கள் மூச்சுப் பிடித்து மெஷினை வண்டியில் ஏற்றினார்கள். "பாத்து, பாத்து! அந்தப் பக்கம் சாயுது!" என்று அண்ணி இடது கையை நீட்டி நீட்டி அதட்டினார். வலது கையை மடியில் வைத்தபடி, வண்டிக்காரருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.